சுபிக்‌ஷாவின் இடது கை

விளக்கை அணைத்துவிட்டார்கள், நல்லதாகப் போயிற்று, இனி இருபத்திரண்டு நிமிஷத்துக்கு என் முகத்தை யாரும் பார்க்க முடியாது. இருபத்திரண்டு நிமிஷம் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. உள்ளடக்கிய கல்வி குறித்த ஆவணப்படம் திரையிடல், காலை பதினொரு மணி, அப்புறம் சிறப்பு விருந்தினர்கள் வரிசையாக, எல்லோரும் முடிந்து கடைசியில் பொடி எழுத்தில் அனுபவப் பகிர்வு, அ. அமலோற்பவம், ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. அது நான்தான். படம் முடிந்ததும் மேடையேறி இரண்டு நிமிஷம் பேச வேண்டும். என்ன பேச வேண்டும் என்று தலைமையாசிரியர் எழுதியே கொடுத்துவிட்டார், கைப்பையில் இருக்கிறது, ‘இக்குழந்தையின் வளர்ச்சியில் எனக்கும் ஒரு சிறு பங்குண்டு என்பதில் பெருமிதம் கொள்கிறேன்’ என்று முடிகிறது. பெருமிதம். அந்தச் சொல்லை எப்படி வாயில் போட்டுக்கொள்வது என்று ஒன்பது நாளாகப் பார்க்கிறேன். ஆனால் காகிதம் அல்ல சங்கடம், அழைப்பிதழ்தான். அதில் சுபிக்‌ஷாவின் படம் போட்டிருக்கிறார்கள், கையைத் தூக்கிக்கொண்டு இருக்கிறாள். இடது கை. சட்டையில் பள்ளி முத்திரை இருக்கிற பக்கத்துக் கை, அதனால் இடது கைதான், அதில் சந்தேகமே இல்லை. சந்தேகம் அது எந்த நாள் எடுத்தது என்பதில். மூன்று நாள் பிடித்தார்கள். முதல் நாள் எடுத்ததென்றால் நான் பிழைத்தேன். இரண்டாம் நாள் எடுத்ததென்றால் என்ன செய்வது என்று தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் இருப்பது சுவரா பிள்ளைகளா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அச்சடித்தவன் பின்னால் இருந்ததையெல்லாம் வெட்டியெறிந்துவிட்டு முகத்தையும் கையையும் மட்டும் வெள்ளைக் காகிதத்தில் விட்டுவைத்திருக்கிறான். கண்ணாடி போட்டுப் பார்த்தேன், கழற்றிவிட்டுப் பார்த்தேன், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன், காகிதத்தின் பின்பக்கத்தில் இருந்த தேநீர் விருந்து விவரம்தான் தெரிந்தது. என் வீட்டுக்காரர் என்ன அப்படிப் பார்க்கிறாய், பேர் தப்பா போட்டுட்டாங்களா என்று கேட்டார். பேரெல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

சுண்டு விரலில் இருந்துதான் எல்லாம் ஆரம்பம். ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால் பிள்ளைகள் சுண்டு விரலைக் காட்டும், எந்தப் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், நானும் காட்டியிருக்கிறேன், என் அம்மாவும் காட்டியிருப்பாள். சுபிக்‌ஷாவுக்குச் சுண்டு விரல் தனியாக எழாது. மூளை முடக்குவாதம் என்று சான்றிதழில் எழுதியிருக்கிறது, எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் ஐந்து விரலும் சேர்ந்தே விரியும், சேர்ந்தே மூடும் என்பதுதான். ஜூன் மாதம் முதல் வாரம் அவள் கையைத் தூக்கினாள், பதில் சொல்லப் போகிறாள் என்று நான் குஷியாகி சொல்லும்மா சொல்லும்மா என்று நிற்கிறேன், அவளுக்கோ வார்த்தை வருவதற்கு நேரமாகும், அவள் முகம் சிவந்துகொண்டே போகிறது, கடைசியில் பக்கத்தில் இருந்த பிள்ளைதான் அவளுக்கு ஒண்ணுக்கு வருது டீச்சர் என்றது. அன்று மத்தியானம் அவளை உட்காரவைத்து ஒரு ஒப்பந்தம் போட்டேன். வலது கை தூக்கினால் பதில், இடது கை தூக்கினால் வெளியே. அவள் இரண்டு கையையும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டிச் சிரித்தாள், அப்படியென்றால் என்ன டீச்சர் என்கிற மாதிரி. போடி வாலு என்றேன். இருபத்தேழு வருஷ சர்வீஸில் நானாகக் கண்டுபிடித்த ஒரே விஷயம் அதுதான், மற்றதெல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது. அவள் அம்மா வளர்மதியிடம் சொன்னேன். வளர்மதி முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைக்குப் போகிறவள், கொட்டைப் பால் பட்டு விரலெல்லாம் எப்போதும் கறுத்துக் கிடக்கும், அந்தக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீட்டிலும் இப்போது கைதானாம், மகாராணி மாதிரி இடது கையைத் தூக்குகிறாளாம், இவள் உலையை இறக்கிவைத்துவிட்டு ஓடுகிறாளாம். ஆக அந்தக் கைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், சுபிக்‌ஷாவுக்குத் தெரியும், வளர்மதிக்குத் தெரியும், என் வகுப்புப் பிள்ளைகள் இருபத்துமூன்று பேருக்கும் தெரியும். படம்பிடிக்க வந்தவர்களுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. கேமராவும் மைக்கும் வைத்துக்கொண்டு நிற்கிறவர்களிடம் போய் ஒன்றுக்குப் போகிற விஷயத்தை எப்படிப் பேசுவது என்று விட்டுவிட்டேன். அல்லது கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. இரண்டில் எது என்று இப்போது நினைத்துப் பார்த்தால் பிடிபடவில்லை.

திரையில் சிமெண்ட் லாரி போகிறது, புழுதி மெதுவாக எழுந்து மெதுவாக அடங்குகிறது, எங்கள் ஊர்ப் புழுதி இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. முந்திரித் தோப்பை மேலேயிருந்து காட்டுகிறார்கள். பள்ளிக்கூடம் வருகிறது. சாய்தளத்தில் சுபிக்‌ஷா வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறாள், தினமும் ஏறுவதுதான், ஆனால் படத்துக்காக அன்று ஏழு முறை ஏறினாள். ஏழாவது முறை அவள் மேல்மூச்சு வாங்க நின்றதைத்தான் போட்டிருக்கிறார்கள், பின்னால் வயலின் அழுகிறது. என் பக்கத்தில் இருக்கிற அம்மாள், வேறு ஒன்றியத்து டீச்சராக இருக்க வேண்டும், கைக்குட்டையை எடுத்துவிட்டார். படம் எடுத்தது பிரசன்னா என்ற பையன், பையன் என்ன பையன், முப்பது வயசு இருக்கும், என் மூத்தவன் வயசு, மரியாதையான பிள்ளை, மேடம் மேடம் என்று பின்னாலேயே வருவான். அவன் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது, குறை சொல்ல முடிந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருக்கும். முதல் நாள் காலை எங்களை அப்படியே எடுத்தான். சுபிக்‌ஷா கதவை ஒட்டி முதல் பெஞ்சில் இருந்தாள், பின்னால் சுவர், சுவரில் உயிரெழுத்து அட்டை, கை நீட்டினால் வாக்கர், மூன்று எட்டு வைத்தால் வாசல். அன்று பதினொரு மணிக்கு இடது கையைத் தூக்கினாள், நான் பாடத்தை விட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போனேன், கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆகவே அழைப்பிதழில் இருக்கிறது அந்தக் கையாகவும் இருக்கலாம். இருக்கலாம்தானே. சாயங்காலம் பிரசன்னா எடுத்ததையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். பாப்பாவ ஓரமா ஒதுக்கி வச்ச மாதிரி தெரியுது மேடம், நடுவுல உக்கார வைக்கலாமா, எல்லாரோடயும் சேர்ந்து இருக்கறதுதானே படமே என்றான். அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் காலை மூன்றாவது பெஞ்சில் நட்டநடுவில் உட்காரவைத்தோம், சுற்றிலும் பிள்ளைகள், வாக்கர் கேமராச் சட்டத்துக்குள் வந்து உறுத்துகிறது என்று வராந்தாவில் கொண்டுபோய் வைத்தார்கள். அவள் கதவுப் பக்கம் இருப்பது ஒதுக்கிவைப்பதற்காக இல்லை தம்பி, அவள் தானாக எழுந்து போவதற்காக என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்ததா, வரவேயில்லையா. அப்போது ஒருத்தன் என் முந்தானையில் மைக்கைக் குத்திக்கொண்டிருந்தான், நான் புடவை கிழியுமே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீலப் புடவை. அதற்கென்றே எடுத்தது. தலைமையாசிரியர் பூ வைத்துக்கொள்ளுங்கள் டீச்சர், படத்தில் நன்றாக இருக்கும் என்றார், அதனால் கனகாம்பரம், எப்போதும் நான் பூ வைக்கிற ஆள் இல்லை. பிரசன்னா சொன்னான், எங்களைப் பார்க்காதீர்கள் மேடம், நாங்கள் இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள், எது நடந்தாலும் பாடத்தை நிறுத்தாதீர்கள், அறுபடாமல் ஒரு பத்து நிமிஷம் வேண்டும். பிள்ளைகளிடம் தலைமையாசிரியர் சொன்னார், கேமரா ஓடும்போது டீச்சர் கேட்டாலொழிய ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது. பின்னம் நடத்தினேன். காகிதத்தை மடித்து அரை, அதை மடித்துக் கால், அதை மடித்து அரைக்கால். எத்தனையோ வருஷமாக நடத்துகிற பாடம், அன்றைக்கு மாதிரி ஒரு நாளும் வந்ததில்லை. குரல் எனக்கே புதுசாக இருந்தது. இருபத்தேழு வருஷத்தில் நான் பாடம் நடத்துவதை ஒருத்தர் உட்கார்ந்து பார்த்ததில்லை, அதிகாரிகள் வருவார்கள், பதிவேட்டைப் பார்ப்பார்கள், கழிவறை சுத்தமா என்று கேட்பார்கள், டீ குடித்துவிட்டுப் போவார்கள், பாடத்தை யார் பார்த்தார்கள். அன்று நான்கு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். எனக்கு மிதக்கிற மாதிரி இருந்தது, சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்போதுதான். அப்போதுதான் என்று சொல்கிறேனே, அப்போது என்ன. கண்ணோரத்தில் ஏதோ எழுந்த மாதிரி. மூன்றாவது பெஞ்சில். கையா, யாராவது காகிதத்தை உயர்த்திப் பிடித்தார்களா, எல்லோர் கையிலும் காகிதம் இருந்தது. நான் பலகைப் பக்கம் திரும்பி அரை என்று எழுதினேனா, அதற்கு முன்னால் எழுந்ததா, அதற்கு அப்புறமா. ஒரு ராத்திரி பார்த்தேன் என்று தோன்றும், மறு ராத்திரி பார்த்திருந்தால் போயிருக்க மாட்டேனா என்று தோன்றும். போயிருப்பேன், நான் அப்படிப்பட்டவள் இல்லை, முதல் நாள் போனேனே. முதல் நாள் போனது எல்லாவற்றுக்கும் சாட்சி என்று வைத்துக்கொண்டு தூங்கப் பார்ப்பேன். தூக்கம் வராது.

பத்து நிமிஷம் முடிந்து அவர்கள் சபாஷ் மேடம் என்று கையைத் தட்டிவிட்டு டீ குடிக்க வெளியே போனார்கள். பெஞ்சு நனைந்திருந்தது. தரையில் இறங்கி முன்பெஞ்சு வரை வந்திருந்தது, பிள்ளைகள் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தரும் சிரிக்கவில்லை, அதுதான் ஆச்சரியம். சுபிக்‌ஷா காகிதத்தை அரைக்காலாக மடித்துப் பிடித்துக்கொண்டு குனிந்து இருந்தாள். ஆள் அனுப்பி வளர்மதியை வரச்சொன்னோம், மாற்றுத் துணியோடு வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள், மூச்சு வாங்க, என்ன டீச்சர் ஆச்சு என்றாள். நான் சொன்னேன். சுபிக்‌ஷாவின் முன்னால் வைத்துத்தான் சொன்னேன். “கேட்டிருந்தா நான் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டேனா?” அவ்வளவுதான் சொன்னேன், அதில் பொய் என்று ஒன்றும் இல்லை, கேள்வியாகத்தான் கேட்டேன். சுபிக்‌ஷா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பக்கத்துப் பிள்ளை டீச்சர் அவ கை என்று ஆரம்பித்தது, நான் போய் உக்காரு என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன். ஒன்றும் பார்க்காதவள் அந்தப் பிள்ளை என்ன சொல்கிறது என்று கேட்டிருக்க மாட்டாளா. இல்லை, அந்த அமளியில் யாராக இருந்தாலும் போய் உட்கார் என்றுதான் சொல்வார்கள், வெளியே வேறு அவர்கள் டீ குடித்து முடித்திருப்பார்கள், ஈரத்தைத் துடைக்க வேண்டும். மறுநாள் வளர்மதி வாசலில் நின்று, ஏதோ எனக்குச் சமாதானம் சொல்கிற மாதிரிச் சொன்னாள், வீட்டுல நல்லா நாலு போட்டேன் டீச்சர், வாயால வரலன்னாலும் கையத் தூக்கக்கூடவா தெரியாதுன்னு. நான் அடிக்காதே வளர்மதி என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். அன்றிலிருந்து ஏழு மாதம், சுபிக்‌ஷாவின் இடது கை என் வகுப்பில் எழுந்ததே இல்லை. வலது கையும் எழுவதில்லை. காலையில் வீட்டில் ஒரு வாய் தண்ணீர், அப்புறம் சாயங்காலம் போய்த்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு விக்கினால்கூடக் குடிக்க மாட்டாள், டம்ளரை உதட்டில் வைத்துவிட்டுக் கீழே வைத்துவிடுவாள். ஜனவரியில் இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் கிடந்தாள், சிறுநீரகத்தில் கிருமி ஏறிவிடும், தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டித்து அனுப்பினார். இன்று காலை வேனில் ஒன்றரை மணி நேரம் மூவரும் சேர்ந்துதான் வந்தோம், வளர்மதி மடியில் தண்ணீர் பாட்டில் கழுத்து வரை நிறைந்திருந்தது, என்ன பிடிவாதமோ டீச்சர், நீங்களாவது சொல்லுங்க என்றாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே குடிக்கணும் சுபி என்றேன். இதை விடக் கேவலமாக ஒருத்தி இருக்க முடியுமா என்று அப்போது தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

இப்போது திரையில் என் குரல். பார்த்தால் நானே உட்கார்ந்திருக்கிறேன், நூலக அலமாரிக்கு முன்னால், நீலப் புடவையில், அது மூன்றாம் நாள், முன்தினம் துவைத்து ஈரம் காயாமல் உடுத்தியது. சிறப்புக் குழந்தைகளுக்கென்று தனியாக எதுவும் வேண்டாம், அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டாலே போதும் என்கிறேன். காது கொடுத்துக் கேட்கிறாளாம். எவ்வளவு தெளிவாகப் பேசுகிறாள் பாருங்கள் இந்த அம்மாள், எனக்கே நம்பத் தோன்றுகிறது. பக்கத்து டீச்சர் திரும்பி நீங்கதானே என்று கிசுகிசுத்தார், ஆமாம் என்றேன், ரொம்ப நல்லா சொல்றீங்க என்றார். அடுத்தது கழிப்பறை. கைப்பிடிக் கம்பி, உட்காரும் பீடம், கதவில் சக்கர நாற்காலிப் படம், ஆறு விநாடி காட்டுகிறார்கள். அதில் ஒரு பொய்யும் இல்லை, எங்கள் பள்ளியில் அது இருக்கிறது, தண்ணீர்கூட வருகிறது. இந்த அரங்கத்தில்தான் அது பின்பக்கம், மூன்று படி இறங்க வேண்டும், வந்ததும் முதல் வேலையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எதற்குப் பார்த்தேன் என்று தெரியவில்லை, குடிக்காத பிள்ளைக்கு எதற்கு. முன்வரிசை ஓரத்தில் அவளுடைய சக்கர நாற்காலி தெரிகிறது, வெளியூர் என்றால்தான் அது. இரட்டைச் சடையில் ஒன்று வெளிச்சம் பட்டு மின்னுகிறது. பக்கத்தில் வளர்மதி, முதுகை நிமிர்த்திக்கொண்டு, பட்டு மாதிரி இருக்கிற ஒரு புடவையில். மகள் படத்தில் வருகிறாள் என்று இன்று வேலைக்குப் போகவில்லை. எனக்குப் பிள்ளைகள் பற்றிக்கூட இப்போது பயமில்லை, அவர்கள் இங்கே வரவில்லை, அதிகாரிகள் பற்றியும் இல்லை, இடது கைக்கும் வலது கைக்கும் அவர்களுக்கு என்ன தெரியும். வளர்மதியின் தலை ஒன்று திரும்புமே, அதுதான் பயம். மின்சாரம் போகக் கூடாதா. தேர்தல் நெருங்குகிற நேரத்தில் மின்சாரம் எங்கே போகும். எழுந்து வெளியே போய்விடலாம் என்றால் வலப்பக்கம் ஏழு பேர் முழங்கால், இடப்பக்கம் ஒன்பது பேர் முழங்கால். எத்தனை நிமிஷம் ஆயிற்று. படம் முடிகிற மாதிரி இசை ஏறுகிறது, ஒருவேளை அந்தக் கை படத்திலேயே இல்லையோ, அழைப்பிதழுக்கு மட்டும் எடுத்துப் போட்டிருப்பார்களோ, அப்படி இருந்தால் மேடையேறிப் பெருமிதத்தைச் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். மாதா, அப்படி இருக்கட்டும் என்று நினைக்கும்போதே என் வகுப்பறை வந்துவிட்டது.

காகிதம் மடிக்கிற கைகள். என் குரல் அரை என்கிறது. மூன்றாவது பெஞ்சு, நடுவில் சுபிக்‌ஷா, பின்னால் சுவர் இல்லை, பிள்ளைகள், இரண்டு வரிசை பிள்ளைகள். ஆக இரண்டாம் நாள். கை எழுகிறது. மேசையில் இருந்து முதலில் முழங்கை, அப்புறம் மணிக்கட்டு, அப்புறம் ஐந்து விரலும் சேர்ந்து விரிகின்றன, முத்திரை இருக்கிற பக்கம். பலகை ஓரமாகக் கேமராவை வைத்து எடுத்திருக்கிறார்கள், சட்டத்தின் வலது ஓரத்தில் மங்கலாக ஒரு நீலம் நிற்கிறது. அது நான். யாருக்கும் தெரியாது, புடவைக் கடை மூட்டை என்று நினைத்தாலும் நினைக்கலாம். நீலம் அசைந்தது. அதற்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு திட்டு வந்து நின்றது. என்ன அது என்று பார்த்தேன், என்ன அது, என்ன அது, கனகாம்பரம். கேமராவுக்கு என் பின்தலைப் பூ தெரிகிறது என்றால் என் முகம் சுபிக்‌ஷாவின் பக்கம் இருக்கிறது. இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிற நேரம் அந்தத் திட்டு அங்கேயே நின்றது. அவள் கை இறங்கவில்லை, கண் நேராக நீலத்தைப் பார்க்கிறது, என்னை. பிறகு திட்டு மறைந்துவிட்டது. நீலம் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டது. அவ்வளவுதான். இத்தனை ராத்திரி நான் சுற்றிச் சுற்றித் தேடியது வெறும் மூன்று எண்ணுகிற நேரம், அதில் ஒரு குழப்பமும் இல்லை, பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு, பாடம் அறுந்துவிடும் என்று திரும்பியிருக்கிறேன். மிதந்துகொண்டிருந்தவள் இறங்கிவர மனசில்லாமல் திரும்பியிருக்கிறேன். ஆனால் படம் அதோடு விடவில்லை. சட்டென்று என் முகத்தைப் பெரிதாகக் காட்டினார்கள், நான் சிரித்துத் தலையை ஆட்டி சொல்லுமா என்கிறேன். அது எப்போது சொன்னது, யாரிடம் சொன்னது, மூன்றாம் நாளா, அன்று காலையா, தெரியாது. உடனே சுபிக்‌ஷா, கையில்லாமல், முகம் மட்டும், “அரை” என்கிறாள். அதுவும் வேறு எப்போதோ சொன்னது. கைக்கும் சிரிப்புக்கும் பதிலுக்கும் நடுவில் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டார்கள், பெஞ்சு காய்ந்தே இருக்கிறது. பிரசன்னா எனக்கு நல்லது செய்துவிட்டான். என்னைவிட நல்லவள் ஒருத்தியை அங்கே நிற்கவைத்துவிட்டான். கடைசியில் அந்தக் கை மட்டும் திரை முழுக்க நின்றது, இசை நின்றது, அரங்கமே கைதட்டியது. எல்லாத் தலைகளும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, முன்வரிசையில் ஒரு தலை மட்டும் திரும்பியது. இருட்டில் என்னைத் தேடியது. வளர்மதி இடது கையைப் பார்த்துவிட்டாள்.

விளக்குப் போட்டார்கள். மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள், தொடர்ந்து அனுபவப் பகிர்வுக்காக அன்புடன் அழைக்கிறோம் என்றார்கள். எழுந்தேன். ஏழு பேர் முழங்கால்களும் வழிவிட்டன, ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேடைப்படி முன்வரிசையைத் தாண்டி இருந்தது. தாண்ட முடியவில்லை. சக்கர நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன், புடவையைப் பற்றி நினைக்கவில்லை. சுபிக்‌ஷா என்னைப் பார்த்தாள், அன்று பெஞ்சில் இருந்து நிமிர்ந்து பார்த்தாளே, அதே பார்வை.

“அன்னிக்கு நீ கையத் தூக்கின சுபி. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் பாடம் நடத்துனேன்.”

வார்த்தை கிளம்பி வாய்க்கு வர அவளுக்கு நேரமாகும். கழுத்து ஒரு பக்கம் இழுத்தது, உதடு கூடிப் பிரிந்தது, மைக்கில் இரண்டாம் முறை என் பெயர் சொன்னார்கள், எங்களைச் சுற்றி ஆட்கள் சிரித்த முகத்தோடு போனை நீட்டிப் படம் எடுத்தார்கள், டீச்சரும் மாணவியும் என்று. நான் காத்திருந்தேன். எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும் என்று இருந்தது.

“தெரியும் டீச்சர்” என்றாள்.

ஏழு மாதமும் தெரியும். நான் இராத்திரியெல்லாம் பார்த்தேனா இல்லையா என்று புரண்டது, அவளிடம் கேட்டிருந்தால் காலையிலேயே சொல்லியிருப்பாள். எனக்கு அழுகை வந்தது, அவள் முன்னால் அழுவதற்குக்கூட எனக்கு உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டேன். வளர்மதி என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த தன் கறுத்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க சொன்னீங்கன்னுதான் டீச்சர் இவள அடிச்சேன்.”

வளர்மதி மடியில் இருந்த பாட்டிலை எடுத்தாள், மூடியைத் திருகினாள், குடி என்று சொல்லவில்லை, சும்மா பிடித்துக்கொண்டு இருந்தாள். சுபிக்‌ஷா பாட்டிலைப் பார்த்தாள், அப்புறம் அரங்கத்தின் கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், அப்புறம் என்னை. எங்க என்று கேட்டாள், சொல் பாதிதான் வந்தது, எனக்குப் புரிந்தது. பின்பக்கம் இருக்கிறது, மூன்று படி, நான் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். அவள் உடனே நம்பிவிடவில்லை. என் தோளை, கையை, முட்டியை எல்லாம் எடைபோடுகிற மாதிரி பார்த்தாள், ஐம்பத்துமூன்று வயசுக்காரி தன்னைத் தூக்குவாளா என்று கணக்குப் போட்டிருப்பாள். பிறகு வாயைத் திறந்தாள். வளர்மதி சாய்த்தாள். ஒரு மடக்கு. நிறுத்தி, விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். விழுங்கினாள். இன்னொரு மடக்கு. மைக்கில் மூன்றாம் முறை என் பெயரைச் சொன்னார்கள், யாரோ மேடம் மேடம் என்று தோளைத் தொட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. அவள் இடது கை எழுகிறதா என்று பார்த்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தேன்.